மனித நோய் எதிர்ப்பு மண்டலத்தில் பி செல்களின் பங்கு

பி லிம்போசைட் அல்லது பி செல் என்பது இரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, இரத்தத்திலும் நிணநீரிலும் சுற்றி, மண்ணீரல், நிணநீர் முடிச்சுகள், டான்சில், குடல் சுவரிலுள்ள நிணத்திசு ஆகியவற்றில் தங்கி வாழ்வது. இரத்தத்தில் ஓடும் லிம்போசைட்டுகளில் ஏறக்குறைய 5 முதல் 15 விழுக்காடுதான் பி செல்கள். மீதியில் பெரும்பகுதி டி செல்கள். சிறுபகுதி இயற்கைக் கொல்லி செல்கள். எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருந்தாலும், உடலில் எதிர்ப்பொருளை உண்டாக்க வல்லவை பி செல்களும் அவற்றின் வழித்தோன்றல்களும் மட்டுமே. இன்று புழக்கத்திலுள்ள தடுப்பூசிகளில் பெரும்பாலானவை பலன் தருவதும் இவற்றின் வழியாகத்தான்.

பாடநூல்களில் பி செல்லுக்குத் தரப்படும் விளக்கம் பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடுகிறது. அது பாதி உண்மைதான். பி செல்களை உடலிலிருந்து அகற்றும் மருந்துகள் சிகிச்சைக்கு வந்த பிறகு, எதிர்ப்பொருளின் அளவு குறையாமலேயே சில நோய்கள் தணிவதை மருத்துவர்கள் கண்டார்கள். எதிர்ப்பொருளுக்கு அப்பாலும் இந்தச் செல்லுக்கு வேலை உண்டு என்பது அப்போதுதான் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. ஆகவே பி செல்லின் பங்கை அளவிட, அதன் பிறப்பு, பயிற்சி, நினைவு, பிறழ்ச்சி ஆகிய நான்கையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

கோழிக்குஞ்சுகளிலிருந்து கிடைத்த விடை

எதிர்ப்பொருள் முதலில் கண்டறியப்பட்டது. அதைச் சுரக்கும் செல் எது என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது. 1890-இல் பெர்லினில் எமில் வான் பேரிங்கும் ஜப்பானியரான கிடசாட்டோ ஷிபாசபுரோவும், டெட்டனஸ் நச்சுக்குப் பழக்கப்பட்ட விலங்கின் சீரத்தை வேறொரு விலங்குக்குச் செலுத்தினால் அதுவும் பாதுகாப்புப் பெறுவதைக் காட்டினார்கள். தொண்டை அடைப்பான் நோய்க்குச் சீர சிகிச்சை வந்தது இந்த வழியில்தான். 1901-இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பேரிங்குக்குக் கிடைத்தது. செல்லின் மேற்பரப்பில் பலவகை ஏற்பிகள் முன்கூட்டியே இருக்கின்றன, நச்சு அவற்றில் பொருந்துவதைத் தேர்ந்து ஒட்டுகிறது, அப்போது அந்த ஏற்பிகள் மிகுதியாக உற்பத்தியாகி இரத்தத்தில் கலக்கின்றன என்று பால் எர்லிக் அதே காலகட்டத்தில் ஒரு கொள்கையை முன்வைத்தார். ஒரே செல் எல்லா ஏற்பிகளையும் தாங்கும் என்று அவர் கருதியது மட்டும் பிழை. மற்றபடி, எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல் எதுவென்றே அறியாத காலத்தில் இவ்வளவு நெருங்கி வந்த ஊகம் உயிரியலில் அரிது.

1948-இல் சுவீடனைச் சேர்ந்த ஆஸ்ட்ரிட் ஃபாக்ரேயஸ், எதிர்ப்பொருளைச் சுரப்பது பிளாஸ்மா செல் என்று தம் ஆய்வேட்டில் நிறுவினார். அந்தப் பிளாஸ்மா செல் எதிலிருந்து வருகிறது? விடை கோழியிடமிருந்து வந்தது. பறவைகளின் கழிவாய்க்கு அருகே சிறு பை போன்ற ஓர் உறுப்பு உண்டு. இத்தாலியின் படுவா நகர உடற்கூறியலாளர் ஃபாப்ரீசியஸ் அதை விவரித்ததால் அதற்கு ஃபாப்ரீசியஸ் பை என்று பெயர். அதன் பயன் என்ன என்பது சுமார் முந்நூறு ஆண்டுகள் தெரியாமலே இருந்தது. 1950-களில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆய்வு மாணவர் குஞ்சுகளிலிருந்து அந்தப் பையை வெட்டி எடுத்து, என்ன மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரிய எதுவும் மாறவில்லை. அவருடைய சக மாணவர் திமத்தி சாங், வகுப்பில் எதிர்ப்பொருள் உருவாவதைச் செய்து காட்டுவதற்காக அந்தக் கோழிகளில் சிலவற்றை வாங்கிச் சென்று சால்மொனெல்லா ஆன்டிஜெனை, அதாவது எதிர்ப்பொருளைத் தூண்டும் பொருளை, செலுத்தினார். பை நீக்கப்பட்ட கோழிகளில் எதிர்ப்பொருள் உருவாகவில்லை. முன்னணி அறிவியல் இதழ் ஏற்க மறுத்த இந்த ஆய்வு 1956-இல் ஒரு கோழி வளர்ப்பியல் இதழில் வெளியானது. நோய் எதிர்ப்பியலின் அடித்தளக் கண்டுபிடிப்புகளில் ஒன்று, அத்துறை ஆய்வாளர்கள் புரட்டாத இதழொன்றில் சில ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

இதற்குச் சற்று முன்பு, 1952-இல், அமெரிக்க இராணுவக் குழந்தை மருத்துவர் ஆக்டன் புரூட்டன் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதியிருந்தார். நிமோகாக்கஸ் தொற்று அவனை மீண்டும் மீண்டும் தாக்கியது. அவனுடைய சீரத்தை மின்புலத்தில் பிரித்துப் பார்த்தபோது, எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலின் பகுதியே காணப்படவில்லை. பிறர் இரத்தத்திலிருந்து எடுத்த காமா குளோபுலினை ஊசிவழி கொடுத்ததும் தொற்றுகள் நின்றன. இந்த இரண்டு இழைகளையும் இணைத்தவர்கள் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மேக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும். 1965-இல் அவர்கள், குஞ்சு பொரித்தவுடன் சிலவற்றில் தைமஸ் சுரப்பியையும் சிலவற்றில் ஃபாப்ரீசியஸ் பையையும் நீக்கி, எஞ்சிய லிம்போசைட்டுகளைக் கதிர்வீச்சால் அழித்தார்கள். பை இல்லாதவற்றில் பிளாஸ்மா செல்லும் இல்லை, எதிர்ப்பொருளும் இல்லை. ஆனால் தைமஸ் சார்ந்த லிம்போசைட்டுகள் குறையாமல் இருந்தன. தைமஸ் இல்லாதவற்றில் நிலைமை தலைகீழ். லிம்போசைட்டுகள் இரண்டு தனி மரபுகள் என்பது அன்று உறுதிப்பட்டது. தைமஸில் முதிர்பவை டி, ஃபாப்ரீசியஸ் பையில் முதிர்பவை பி எனப் பின்னர் பெயர் பெற்றன. பாலூட்டிகளுக்கு அந்தப் பை கிடையாது. கருவில் கல்லீரலும், பிறந்த பின் எலும்பு மஜ்ஜையும் அந்த வேலையைச் செய்கின்றன என்பது 1970-களில் தெளிவானது. 2019-இல் கூப்பருக்கும், தைமஸின் பணியைக் கண்டறிந்த ஜாக் மில்லருக்கும் லாஸ்கர் விருது பகிர்ந்தளிக்கப்பட்டது.

இருபதாயிரம் மரபணுக்களும் எண்ணற்ற ஏற்பிகளும்

ஒவ்வொரு பி செல்லும் தன் மேற்பரப்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஏற்பிகளைத் தாங்கியிருக்கிறது. அவை அனைத்தும் ஒரே அச்சில் வார்த்தவை. அந்தச் செல் அடையாளம் காணக்கூடியது ஒரு வடிவத்தை மட்டும்தான். அடுத்த பி செல்லின் ஏற்பி வேறு வடிவம். கிருமி உடலுக்குள் வரும்போது தனக்குப் பொருந்தும் செல்லை அது தேர்ந்தெடுக்கிறது, அந்தச் செல் மட்டும் பெருகுகிறது என்ற குளோன் தேர்வுக் கொள்கையை ஆஸ்திரேலியாவின் மக்ஃபார்லேன் பர்னட் 1957-இல் வகுத்தார். ஒரு பி செல் ஒரே வகை எதிர்ப்பொருளைத்தான் தருகிறது என்பதற்கான சான்றை அடுத்த ஆண்டே கஸ்டவ் நோசலும் ஜோஷுவா லெடர்பெர்க்கும் அளித்தார்கள்.

கொள்கை சரி, கணக்குத்தான் இடித்தது. மனிதருக்குப் புரதம் தரும் மரபணுக்கள் மொத்தமே ஏறக்குறைய 20,000. கோடிக்கணக்கான ஏற்பி வடிவங்களுக்கு மரபணுக்கள் எங்கிருந்து வரும்? 1976-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சுசுமு டொனகாவா இந்தப் புதிரை அவிழ்த்தார். சுண்டெலிக் கருவின் டி.என்.ஏ.வையும், எதிர்ப்பொருள் சுரக்கும் கட்டிச் செல்லின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டபோது, கருவில் தொலைவில் கிடந்த மரபணுத் துண்டுகள் பி செல் மரபில் அருகருகே வந்து இணைந்திருந்தன. செல் தன் மரபணுவையே வெட்டி ஒட்டிக்கொள்கிறது. ஒருவரின் உடற்செல்கள் எல்லாவற்றிலும் ஒரே மரபணுத் தொகுதிதான் மாறாமல் இருக்கும் என்ற அதுவரையிலான நம்பிக்கை இதனால் தகர்ந்தது. டொனகாவா 1987-இல் நோபல் பரிசு பெற்றார்.

எதிர்ப்பொருள் மூலக்கூறில் இரண்டு கனச் சங்கிலிகளும் இரண்டு இலேசான சங்கிலிகளும் உண்டு. கனச் சங்கிலியின் மாறுபகுதிக்கு வி, டி, ஜே என மூன்று தொகுதித் துண்டுகள் 14-ஆம் குரோமோசோமில் வரிசையாக உள்ளன. மனிதரில் செயல்படுபவை முறையே சுமார் 40, 23, 6. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒன்றை எடுத்து இணைத்தால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சேர்க்கைகள். இலேசான சங்கிலியில் ஏறத்தாழ 300. இரண்டையும் சேர்த்தால் பதினைந்து லட்சத்தைத் தாண்டும். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் கூடி இருநூற்றுப் பதினாறு உயிர்மெய் ஆவது போன்ற பெருக்கல்தான் இது. அதோடு நிற்பதில்லை. துண்டுகளை வெட்டும் ராக் நொதிகள் வேலையை முடித்ததும், இணைப்பு வாயில் வேறொரு நொதி சில டி.என்.ஏ. எழுத்துகளை மனம்போன போக்கில் சேர்க்கிறது. வேறுபாட்டின் பெரும்பங்கு இந்த இணைப்பில்தான் பிறக்கிறது.

தற்செயலை நம்பியிருக்கும் முறைக்கு விலை உண்டு. மரபணு எழுத்துகள் மும்மூன்றாகப் படிக்கப்படுவதால், இணைப்புகளில் மூன்றில் இரண்டு பொருளற்றுப் போகின்றன. வளரும் பி செல் தன் கனச் சங்கிலி ஒழுங்காக அமைந்ததா என்று ஒரு தற்காலிக ஏற்பியின் மூலம் சோதிக்கிறது; செய்தி வராவிட்டால் செல் மடிகிறது. அந்தச் செய்தியைக் கடத்தும் நொதிகளில் ஒன்றின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதாக 1993-இல் தெரியவந்தது. புரூட்டன் விவரித்த நோயில் பழுதாவது அந்த மரபணுவே. நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்குவதன் காரணமும் அதுதான். நொதி இன்று புரூட்டனின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இன்னொரு விலை அதைவிட ஆபத்தானது. தற்செயலாக வடிவமைந்த ஏற்பிகளில் பல, உடலின் சொந்தப் பொருள்களோடே ஒட்டும். மனித எலும்பு மஜ்ஜையில் புதிதாகத் தோன்றும் பி செல்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஏதோ ஓர் அளவில் இத்தகையவை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அவற்றில் சில மீண்டும் மரபணுவை வெட்டி ஏற்பியை மாற்றிக்கொள்கின்றன, சில அழிகின்றன, சில செயலற்று முடங்குகின்றன. இந்த வடிகட்டலில் தப்பியவை எல்லோர் உடலிலும் கொஞ்சம் உண்டு. அவை தூங்கிக்கொண்டிருக்கும்வரை தொல்லை இல்லை.

டி செல்லின் ஒப்புதல்

முதிர்ந்த பி செல் நிணநீர் முடிச்சின் புறப்பகுதியிலுள்ள நுண்கூடுகளில் காத்திருக்கிறது. ஏற்பியில் ஆன்டிஜென் ஒட்டுவது முதல் செய்தி. பெரும்பாலான புரத ஆன்டிஜென்களுக்கு அது மட்டும் போதாது. ஒட்டியதை பி செல் உள்ளிழுத்து, நறுக்கி, துண்டுகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகிறது. அதே கிருமியின் துண்டை அடையாளம் காணும் உதவி டி செல் வந்து ஒப்புதல் தரும்போதுதான் பி செல் பெருகத் தொடங்குகிறது. சொந்தப் பொருளை நோக்கிய பி செல் தற்செயலாகத் தூண்டப்பட்டாலும், அதே பொருளை ஏற்கும் டி செல் கிடைப்பது அரிது என்பதால், இந்த இரட்டைப் பூட்டு ஒரு பாதுகாப்பு.

பூட்டின் வலிமையைக் குழந்தைத் தடுப்பூசிகளில் நேரடியாகக் காணலாம். மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் உண்டாக்கும் ஹிப் பாக்டீரியாவின் உறை சர்க்கரைச் சங்கிலியால் ஆனது. டி செல்களுக்குப் புரதத் துண்டுகளைத்தான் காட்ட முடியும். சர்க்கரையைக் காட்ட இயலாது. சர்க்கரை உறைகளுக்கு டி செல் உதவியின்றியே விடையளிக்கும் பி செல்கள் மண்ணீரலின் ஓரப்பகுதியில் உண்டு. ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அவை இன்னும் பக்குவப்படாதவை. நோய் மிகுதியாகத் தாக்குவதோ அந்த வயதினரைத்தான். சர்க்கரையை டெட்டனஸ் டாக்சாய்டு போன்ற ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தபோது சிக்கல் தீர்ந்தது. சர்க்கரையைப் பிடிக்கும் பி செல் புரதத்தையும் சேர்த்து விழுங்கி அதன் துண்டைக் காட்டுகிறது. டி செல் உதவிக்கு வருகிறது. 2011 டிசம்பரில் இந்தியாவில் முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்ட ஐந்து நோய்த் தடுப்பூசியில் இருப்பது இந்தப் பிணைப்பு ஹிப் தடுப்பூசிதான். ஆய்வகத்தில் கண்ட ஒரு நுணுக்கம் இவ்வளவு நேராக ஊர்ப்புறத் துணைச் சுகாதார நிலையம்வரை வந்து சேர்ந்த எடுத்துக்காட்டுகள் அதிகமில்லை.

மண்ணீரலின் பி செல்களுக்கு உள்ள முக்கியத்துவம், அந்த உறுப்பை இழந்தவர்களிடம் தெரிகிறது. விபத்தாலோ தலசீமியா போன்ற நோய்களாலோ மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கு நிமோகாக்கஸ் தொற்று சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடும். முன்கூட்டியே திட்டமிட்ட அறுவை என்றால், அதற்கு முன்பே தடுப்பூசிகளைப் போட்டு முடிக்க வேண்டும் என்பது அதனால்தான்.

முளை மையம்

டி செல்லின் ஒப்புதல் பெற்ற பி செல்களில் ஒரு பகுதி உடனே பிளாஸ்மா செல்லாகி, அவசரத் தேவைக்கான எதிர்ப்பொருளைச் சுரந்து சில நாள்களில் மடிகிறது. இன்னொரு பகுதி நுண்கூட்டுக்குள் திரும்பிச் சென்று முளை மையத்தை உருவாக்குகிறது. நோய் எதிர்ப்பு மண்டலத்தில் மிகவும் வியப்பளிக்கும் இடம் இதுதான்.

தொற்றால் வீங்கிய டான்சிலை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், வட்டமான திட்டுகள் தெரியும். ஒவ்வொரு திட்டிலும் ஒரு பாதி அடர் நீலம், மறுபாதி வெளிறியது. அடர்ந்த பகுதியில் பி செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு, அரை நாளுக்குள் ஒருமுறை என்ற வேகத்தில் பிரிகின்றன. பிரியும்போதே ஏய்ட் என்ற நொதி ஏற்பி மரபணுவில் எழுத்துப் பிழைகளைப் புகுத்துகிறது. ஆயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நிகழும் இந்தப் பிழை, மற்ற மரபணுக்களில் இயல்பாக நேர்வதைவிடப் பத்து லட்சம் மடங்கு அதிகம். பிழை ஏறிய செல்கள் வெளிறிய பகுதிக்கு நகர்கின்றன. அங்கே கிளைபரப்பி நிற்கும் செல்கள் ஆன்டிஜெனைச் சிதையாமல் வாரக்கணக்கில் தாங்கி நிற்கின்றன. மாறிய ஏற்பி முன்னைவிட இறுக்கமாகப் பிடித்தால், செல் அதிக ஆன்டிஜெனைப் பறித்து அதிகத் துண்டுகளைக் காட்டி டி செல்லின் உதவியை வெல்கிறது. பிறகு அடர்ந்த பகுதிக்குத் திரும்பி மீண்டும் பிரிகிறது, மீண்டும் பிழை ஏற்றுகிறது. பிடி தளர்ந்தவை மடிகின்றன. அவற்றின் மிச்சங்களை விழுங்கிக் கொழுத்த மேக்ரோபேஜ்கள் அந்தச் சீவலில் ஆங்காங்கே புள்ளிகளாகத் தெரியும். டார்வின் பல தலைமுறைகளில் நிகழ்வதாகச் சொன்ன மாறுபாடும் தேர்வும், ஓர் ஆளின் கழுத்துக்குள் சில வாரங்களில் நடந்து முடிகின்றன.

இரண்டாவது தவணை ஊசிக்குப் பின் எதிர்ப்பொருளின் அளவு மட்டுமன்றித் தரமும் உயர்வதற்கு இந்தப் பயிற்சிதான் காரணம். கோவிட் ஆர்.என்.ஏ. தடுப்பூசி போட்டவர்களின் அக்குள் நிணநீர் முடிச்சுகளிலிருந்து ஊசிமூலம் செல்களை எடுத்துப் பார்த்தபோது, இரண்டாம் தவணைக்குப் பின் 12 வாரங்கள் கழித்தும் முளை மையங்கள் இயங்கிக்கொண்டிருந்தன.

ஏய்ட் நொதியை 2000-ஆம் ஆண்டையொட்டி அடையாளம் கண்டது ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வுக்குழு. எதிர்ப்பொருளின் வகையை மாற்றுவதும் இதே நொதிதான். ஏற்பியின் நுனி மாறாமல் இருக்க, அடிப்பகுதி மட்டும் ஐ.ஜி.எம். என்பதிலிருந்து ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.இ. என்று மாறுகிறது. ஏய்ட் அல்லது டி செல்லின் உதவிச் செய்தி பிறவியிலேயே பழுதானவர்களின் இரத்தத்தில் ஐ.ஜி.எம். நிறைந்திருக்கும், மற்றவை அரிதாகவே இருக்கும்; அவர்களைத் தொற்றுகள் விடாமல் துரத்தும்.

எதிர்ப்பொருள் செய்யும் வேலை

ஐந்து மூலக்கூறு ஒன்றாய்ப் பிணைந்த ஐ.ஜி.எம். முதலில் வருவது. டெங்குக் காய்ச்சலில் ஐந்தாம் நாளையொட்டிச் சோதனைச் சீட்டில் தென்படுவது அதுவே. ஐ.ஜி.ஜி. பிறகு வந்து நிலைக்கிறது. காய்ச்சலின் தொடக்கத்திலேயே ஐ.ஜி.ஜி. உயர்ந்திருந்தால், அவருக்கு டெங்கு முன்பே ஒருமுறை வந்திருக்கக்கூடும் என்று மருத்துவர் ஊகிப்பது இந்த வரிசையை வைத்துத்தான். ஐ.ஜி.ஏ. குடல், மூச்சுக்குழல், தாய்ப்பால் ஆகியவற்றில் சுரப்பது. உடல் ஒரு நாளில் உண்டாக்கும் எதிர்ப்பொருளில் மிகுதி இதுதான். ஐ.ஜி.இ. புழுத் தொற்றுக்கு எதிரானது, ஒவ்வாமைக்கும் காரணமானது. ஐ.ஜி.டி.யின் பணி இன்னும் விவாதத்தில் உள்ளது.

எதிர்ப்பொருள் தானாக எதையும் கொல்வதில்லை. நச்சையும் வைரஸையும் சூழ்ந்து செல்லில் ஒட்டவிடாமல் தடுக்கும். பாக்டீரியாவின் மேல் படிந்து விழுங்குசெல்களுக்கு அடையாளம் காட்டும். இரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் புரதங்களை எழுப்பிக் கிருமியின் சவ்வில் துளையிடச் செய்யும். இயற்கைக் கொல்லி செல்லை அழைத்துவரும்.

இதற்கெல்லாம் பெருமளவில் எதிர்ப்பொருள் வேண்டும். பிளாஸ்மா செல் அதற்கென்றே உருமாறியது. கரு ஓர் ஓரத்துக்கு ஒதுங்க, செல்லின் உடல் முழுவதும் புரதம் தயாரிக்கும் சவ்வு அடுக்குகள் நிறைகின்றன. நொடிக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை அது வெளியேற்றுகிறது. மேற்பரப்பு ஏற்பியைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. இனி அது எதையும் கற்பதில்லை, சுரப்பது மட்டுமே.

செல்லைக் கொடுக்காமல் அதன் விளைபொருளை மட்டும் கடன் தரவும் முடியும். ஐ.ஜி.ஜி. நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குச் செல்கிறது. கர்ப்பிணிக்குப் போடும் டெட்டனஸ் ஊசி பிறக்கும் குழந்தையைக் காப்பது அவ்வாறுதான். தாய்க்கும் சிசுவுக்கும் வரும் டெட்டனஸை ஒழித்துவிட்டதாக இந்தியா 2015-இல் சான்று பெற்றதில் பிரசவச் சுகாதாரத்தோடு இந்த ஊசிக்கும் பங்குண்டு. பாம்புக்கடி மருந்தும் இத்தகைய கடன்தான். சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சு சிறு அளவுகளில் குதிரைகளுக்கு ஏற்றப்படுகிறது. குதிரையின் பி செல்கள் உண்டாக்கும் எதிர்ப்பொருளே மருந்தாகிறது. கடன் என்பதால் அது வாரங்களில் தீர்ந்துபோகும். நினைவு எதையும் விட்டுச்செல்லாது.

நினைவு

பி செல்லின் நினைவு இரண்டு வடிவங்களில் தங்குகிறது. எலும்பு மஜ்ஜையில் குடியேறும் நீண்ட ஆயுள் பிளாஸ்மா செல்கள் ஆன்டிஜென் இல்லாதபோதும் ஆண்டுக்கணக்கில் சுரந்துகொண்டே இருக்கின்றன. நினைவு பி செல்களோ எதையும் சுரப்பதில்லை. மறுபடி கிருமி வந்தால் சில நாள்களில் பெருகிப் பிளாஸ்மா செல்லாகின்றன. இந்த வேறுபாட்டை மறந்ததால்தான் கோவிட் காலத்தில் தேவையற்ற அச்சம் பரவியது. நோய் தணிந்து சில மாதங்களில் இரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைவது இயல்பு. குறுகிய ஆயுள் பிளாஸ்மா செல்கள் மடிந்ததன் அடையாளம் அது. அதே நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் நீண்ட ஆயுள் செல்கள் இருந்தன.

நினைவின் நீளத்துக்குச் சிறந்த சான்று 2008-இல் வெளியானது. 1918-ஆம் ஆண்டு இன்ஃபுளுவென்சாக் கொள்ளைநோய்க் காலத்தில் வாழ்ந்த 32 முதியவர்களின் இரத்தத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அவர்களின் வயது 91 முதல் 101 வரை. அனைவரிடமும் அந்தப் பழைய வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. சிலரிடமிருந்து எடுத்த நினைவு பி செல்கள் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதை முறியடிக்கும் எதிர்ப்பொருளைத் தந்தன.

நினைவு அழியவும் செய்யும். தட்டம்மை வைரஸ் நினைவு லிம்போசைட்டுகளையே தாக்குவது. தடுப்பூசி போடாத நெதர்லாந்துக் குழந்தைகள் 77 பேரை நோய்க்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு 2019-இல் வந்தது. அவர்கள் பிற கிருமிகளுக்கு எதிராகச் சேர்த்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடுவரை காணாமல் போயிருந்தன. தட்டம்மையை உடம்பில் வந்து போகும் சாதாரண நோயாகக் கருதும் வழக்கம் எவ்வளவு தவறு என்பதற்கு இந்த எண்களே போதும்.

நினைவு தீங்காக முடியும் சூழலும் உண்டு. டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் இன்னொரு வகையை ஒட்டிக்கொள்ளும், ஆனால் முழுதாக முடக்காது. அந்த அரைகுறைப் பிடியோடு விழுங்குசெல்லுக்குள் இழுக்கப்படும் வைரஸ் அங்கேயே பெருகும். இரண்டாம் முறை வரும் டெங்கு கடுமையாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதற்கு இது ஒரு முக்கிய விளக்கம். டெங்குத் தடுப்பூசி உருவாக்கத்தைப் பல பத்தாண்டுகள் இழுத்தடித்த சிக்கலும் இதுதான்.

எதிர்ப்பொருளுக்கு அப்பால்

1997-இல் அமெரிக்காவில் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து ஒரு வகை லிம்போமாவுக்கு அனுமதி பெற்றது. பி செல்லின் மேற்பரப்பிலுள்ள சி.டி. 20 என்ற புரதத்தைப் பற்றி அந்தச் செல்லை அழிக்கும் எதிர்ப்பொருள் அது. முடக்கு வாதத்திலும் பின்னர் பல தன்னெதிர்ப்பு நோய்களிலும் அது பயன்பட்டது. பிளாஸ்மா செல்லில் சி.டி. 20 இல்லை. ஆகவே மருந்துக்குப் பின் பி செல்கள் மறைந்தாலும் ஏற்கனவே உள்ள எதிர்ப்பொருள் அளவு உடனே சரிவதில்லை. இருந்தும், மூளை நரம்பிழைகளின் உறை சிதையும் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் 2008-இல் வெளியான ஆய்வு, புதிய புண்கள் சில வாரங்களிலேயே வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது. டி செல் நோய் என்றே பல பத்தாண்டுகள் கருதப்பட்டது அது. இதே இலக்கைத் தாக்கும் ஒக்ரெலிஸுமாப் 2017-இல் அந்நோய்க்கு அனுமதி பெற்றது.

எதிர்ப்பொருள் குறையாமல் நோய் தணிந்தது என்றால், பி செல்லின் மற்ற வேலைகளே நோயைத் தூண்டியிருக்க வேண்டும். ஆன்டிஜெனைத் துண்டாக்கி டி செல்லுக்குக் காட்டுவது அவற்றில் முதன்மை. தனக்குரிய பொருள் மிகக் குறைந்த அளவில் இருந்தாலும் ஏற்பியால் பிடித்துச் சேர்த்துக் காட்டுவதில் பி செல்லுக்கு இணையான செல் இல்லை. அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களையும் அது சுரக்கிறது. மறுபுறம், இன்டர்லூக்கின் 10 சுரந்து அழற்சியை அடக்கும் பி செல்களும் உண்டு. அவை தனி வகையா, எந்தப் பி செல்லும் சூழலுக்கேற்ப எடுக்கும் நிலையா என்பது தீர்ந்தபாடில்லை. இரண்டாவதற்கே சான்றுகள் கூடுதலாகச் சாய்கின்றன.

கருவிகளே ஆபத்தாகும்போது

பி செல் குறைபாட்டு நோய்களில் புரூட்டன் கண்டது முற்றிலும் பி செல் இல்லாத நிலை. தாயிடமிருந்து வந்த ஐ.ஜி.ஜி. தீரும் ஆறாவது மாதத்துக்குப் பின்பே தொற்றுகள் தொடங்கும் என்பதால், நோய் தாமதமாகவே தெரியவருகிறது. பெரியவர்களில் தோன்றும் பொதுமாறு குறைபாடும் உண்டு. பி செல்கள் இருந்தும் போதிய எதிர்ப்பொருள் வராத நிலை அது.

மிகையாக இயங்கும் பக்கத்தில் லூப்பஸ், மயஸ்தீனியா கிராவிஸ், தட்டணுக் குறைபாடு போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள் நிற்கின்றன. புற்றுநோய்களின் கதையோ பி செல்லின் தன்மையிலிருந்தே பிறக்கிறது. தன் மரபணுவை வெட்டி ஒட்டும் செல், முளை மையத்தில் வேண்டுமென்றே பிழை ஏற்றும் செல், சில சமயம் தவறான இடத்தில் வெட்டுகிறது. 1958-இல் டெனிஸ் புர்கிட் உகாண்டாக் குழந்தைகளின் தாடையில் கண்ட லிம்போமாவில், செல் பெருக்கத்தைத் தூண்டும் மிக் மரபணு 8-ஆம் குரோமோசோமிலிருந்து பெயர்ந்து 14-இல் உள்ள எதிர்ப்பொருள் மரபணுவின் அருகே ஒட்டிக்கொண்டிருக்கும். பி செல்லில் ஓயாமல் இயங்கும் அந்த இடத்தின் கட்டுப்பாட்டில் மிக்கும் ஓயாமல் இயங்குகிறது. அந்தக் கட்டியின் செல்களில்தான் 1964-இல் எப்ஸ்டீன் பார் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. உலகில் பெரும்பாலானோரின் நினைவு பி செல்களில் வாழ்நாள் முழுவதும் அது தங்கியிருக்கிறது. அமெரிக்க இராணுவத்தினர் ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வில், அந்த வைரஸ் தொற்றிய பிறகு மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்திருந்தது. ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமாக்களில் பெரும்பான்மை பி செல் மரபைச் சேர்ந்தவை. மல்ட்டிபிள் மைலோமா பிளாஸ்மா செல்லின் புற்று.

மருத்துவத்தின் கையில்

1975-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும், விரும்பிய எதிர்ப்பொருளைச் சுரக்கும் பி செல்லை அழியாமல் பிரியும் மைலோமா செல்லோடு இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை முடிவின்றிப் பெறும் வழியைக் கண்டார்கள். கர்ப்பச் சோதனைப் பட்டையிலிருந்து புற்றுநோய் மருந்துகள்வரை அதன் வழித்தோன்றல்கள்.

பி செல்லையே குறிவைக்கும் சிகிச்சையில் அடுத்த படி, நோயாளியின் டி செல்லை வெளியே எடுத்து, சி.டி. 19 என்ற பி செல் அடையாளத்தைத் தாக்குமாறு மாற்றித் திருப்பிச் செலுத்தும் கார் டி செல் முறை. 2017-இல் அமெரிக்காவில் குழந்தைகளின் பி செல் இரத்தப் புற்றுக்கு முதல் அனுமதி கிடைத்தது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார் 19 இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. ஜெர்மனியின் எர்லாங்கன் மருத்துவர்கள் மற்ற மருந்துகளுக்கு மசியாத லூப்பஸ் நோயாளிகள் ஐந்து பேருக்கு இம்முறையைப் பயன்படுத்தி 2022-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஐவருக்கும் நோய் தணிந்து, மற்ற மருந்துகள் நிறுத்தப்பட்டன. சில மாதங்களில் புதிய பி செல்கள் திரும்பி வந்தபோதும் ஆய்வுக்காலத்தில் நோய் திரும்பவில்லை. பழைய தடுப்பூசிகளால் பெற்ற எதிர்ப்பொருளும் பெருமளவு தங்கியிருந்தது. நோயாளிகள் குறைவு, காலமும் குறைவு. இருந்தாலும் தன்னெதிர்ப்பு நோய்களில் நினைவை அழித்துப் புதிதாகத் தொடங்க முடியும் என்பதற்கு இது ஒரு வலுவான சான்று.

பி செல்லை நீக்கும் எந்தச் சிகிச்சையிலும் இரண்டு எச்சரிக்கைகள் தவறாமல் பின்பற்றப்பட வேண்டியவை. ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் எப்போதோ வந்து கல்லீரலில் அடங்கிக் கிடப்பவர்களில், பி செல்கள் மறைந்ததும் அது எழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே ரிட்டுக்ஸிமாப் தொடங்கும் முன் அதற்கான இரத்தச் சோதனை கட்டாயம். மருந்து கொடுத்துச் சுமார் ஆறு மாதங்கள்வரை தடுப்பூசிகள் எதிர்ப்பொருளை அரிதாகவே எழுப்பும் என்பதால், தேவையான ஊசிகளைச் சிகிச்சைக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.